‘ஓரிரு இடங்களில்’ என்றால் எந்த இடம்?

பங்குனி பாதியில் தொடங்கி வைகாசி முடியும்வரை சென்னை மண்டல வானிலை மையத்தின் அறிக்கையில் ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான் வரும். தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். பலத்த காற்று மணிக்கு 40 முதல் 50 கி.மீ. வேகத்தில் வீசக்கூடும். எங்கேயோ பெய்யும் என்று சொல்வதற்கு ஒரு அறிக்கையா என்று பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மறுநாள் கோபிசெட்டிபாளையம் பக்கம் ஆயிரக்கணக்கில் வாழை சாய்ந்த படம் செய்தித்தாளில் வரும். அறிக்கையில் சொன்னது அதுதான். வாசித்தவர்கள் மழையைத் தேடினார்கள், காற்றைக் கவனிக்கவில்லை.

அந்த வாக்கியத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு. ‘ஓரிரு இடங்கள்’ என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்குள். ‘ஒருசில இடங்கள்’ என்றால் 26 முதல் 50 சதவீதம். ‘பல’ அல்லது ‘அநேக’ என்றால் 51 முதல் 75. அதற்கும் மேலே போனால்தான் ‘பெரும்பாலான இடங்கள்’. ஆகவே ‘ஓரிரு’ ‘ஒருசில’ ஆகிறதா என்று நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் இருக்கிறது. ஒரு நாள் அறிக்கையை மட்டும் தனியாகப் படித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

அளவுச் சொற்களும் அப்படித்தான். லேசான மழை 15.5 மி.மீ. வரை, மிதமான மழை 15.6 முதல் 64.4 வரை, கனமழை 64.5 முதல் 115.5 வரை, மிகக் கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதிகனமழை. இவை எல்லாம் 24 மணி நேரக் கணக்கு. இங்கேதான் கோடை மழை ஏமாற்றும். ஐப்பசியில் 50 மி.மீ. மழை என்றால் ஒரு பகலும் இரவும் நசநசவென்று பெய்திருக்கும். சித்திரையில் அதே 50 மி.மீ. முக்கால் மணி நேரத்தில் கொட்டிவிடும். ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும், ஆனால் அட்டவணையில் அது ‘மிதமான’ மழைதான். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற எச்சரிக்கை நிறங்களைப் பார்க்கும்போதும் இதை மறக்கக் கூடாது. மஞ்சள் என்றால் கவனமாக இரு, ஆரஞ்சு என்றால் தயாராகு, சிவப்பு என்றால் இறங்கிச் செயல்படு. கோடையில் மஞ்சள் நிறம் வந்த நாளிலேயே மரம் சாயும்.

தமிழகத்துக்கு மார்ச் முதல் மே வரை மூன்று மாதங்களில் கிடைக்கும் சராசரி மழை 12 செ.மீ. சொச்சம்தான். ஆண்டு மழையான 90 செ.மீ. சொச்சத்தோடு ஒப்பிட்டால் சிறிய பங்கு. ஆனால் இந்த 12 செ.மீ. ஏழெட்டு மாலைகளில் வந்துவிடும். காபித் தோட்டத்தில் பூ மழையாக, மாந்தோப்பில் பிஞ்சு உதிர்க்கும் காற்றாக, மானாவாரிக் காட்டில் கோடை உழவுக்கான ஈரமாக வரும். எந்த ஊரில் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரே நேரத்தில் பதில் கிடைக்காது. மூன்று நாள் முன்பு ஒரு பதில், அன்று காலையில் ஒரு பதில், பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு பதில். ஒவ்வொன்றும் வேறு வேலைக்குப் பயன்படும். மூன்றாவது பதிலை முதல் நாளே கேட்பவருக்குத்தான் வானிலைக்காரர்கள் மீது கோபம் வருகிறது.

மூன்று நாள் முன்பு

முதலில் பார்க்க வேண்டியது மழை வரைபடம் அல்ல, தரையிலிருந்து சுமார் ஒன்றரை கி.மீ. உயரத்தில் உள்ள காற்றின் வரைபடம். செயலிகளில் 850 ஹெக்டோபாஸ்கல் (அந்த உயரத்தின் காற்றழுத்தம்) என்று தேர்ந்தெடுத்தால் அது வரும். வங்கக்கடலிலிருந்து தென்கிழக்குக் காற்று ஈரத்தோடு உள்ளே வருகிறது. தக்காணப் பீடபூமியிலிருந்து வடமேற்குக் காற்று காய்ந்து வருகிறது. இரண்டும் சந்திக்கும் கோடு விதர்பா, மராத்வாடா பக்கம் தொடங்கி உள் கர்நாடகம் வழியாக உள் தமிழகம்வரை இறங்கும். அறிக்கையில் ‘கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி’ என்று வருவது இதுதான். கோடு உள் கர்நாடகத்தில் நின்றால் அதற்குக் கிழக்கே உள்ள கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், ஈரோடு எல்லாம் ஈரக்காற்றில் இருக்கும். கோடு நகர்ந்து கடற்கரைக்கு அருகே வந்துவிட்டால் உள்மாவட்டங்கள் முழுவதும் காய்ந்த காற்றின் பிடியில் போய்விடும். அந்த வாரம் கரூர் பரமத்தியும் வேலூரும் 41, 42 டிகிரி என்று போட்டி போடும், மேகம் எட்டிக்கூடப் பார்க்காது.

குமரிக்கடல் அல்லது லட்சத்தீவு பக்கம் ஒரு கீழடுக்குச் சுழற்சி இருந்தால் தென்மாவட்டங்களுக்கு நல்லது. அப்போது மழை மாலைக்கு மட்டும் என்று காத்திராது, கடலோரத்தில் விடியற்காலையிலும் வரும்.

வங்கக்கடலில் புயல் உருவானால் நமக்கு மழை என்று நினைப்பது கோடையில் பெரும்பாலும் தப்புக்கணக்கு. 2019 ஏப்ரல் கடைசியில் ஃபானி உருவானபோது தமிழகக் கரைக்கு வரும் என்ற பேச்சு பலமாக இருந்தது. அது வடக்கே திரும்பி மே 3 அன்று ஒடிசாவின் பூரி அருகே கரை கடந்தது. இப்படி வடக்கே போகும் புயல் ஈரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நம் பக்கம் மேற்கிலிருந்து காய்ந்த காற்று வரும், கடற்காற்று உள்ளே நுழைய முடியாது, சென்னையில் வெயில் ஏறும். 2016 மே மாதம் ரோவானு சென்னைக்கு அருகே கடலில் நகர்ந்தபோது வட கடலோரத்தில் நன்றாகப் பெய்தது. ஆக, புயல் எவ்வளவு வலுவானது என்பதை விட அது கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கடந்து போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வானிலையைக் கணக்கிடும் கணினி மாதிரிகள் பற்றி ஒரு வார்த்தை. இவை நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிடும். ஐரோப்பிய மாதிரியின் கட்டம் சுமார் 9 கி.மீ., அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் சுமார் 13 கி.மீ., 2025 மே மாதம் நம் நாட்டில் தொடங்கிய பாரத் முன்கணிப்பு முறை 6 கி.மீ. ஒரு கோடை இடிமேகம் ஐந்து, பத்து கி.மீ. அகலம்தான் இருக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் உயிரோடு இருக்கும். ஏழு கி.மீ. மேகத்தை ஒன்பது கி.மீ. கண்ணியுள்ள வலையால் பிடிக்க முடியாது. அதனால் கைபேசியில் ‘நாமக்கல், வியாழன், மாலை 5 மணி, 70 சதவீதம்’ என்று வந்தால், நாமக்கல்லைச் சுற்றி நாலைந்து மாவட்டங்களில் வியாழன் மாலை இடி கிளம்பும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதிரிகள் இரண்டு நாட்களாக அதே வட்டாரத்தைக் காட்டினால் நம்பலாம். ஒரே கணினி மாதிரி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊரை மாற்றிக்கொண்டே இருந்தால் அந்த வரைபடத்தை மூடிவைப்பது நல்லது.

அன்று காலை

காலையில் பார்க்க வேண்டியவை ஈரமும் மூடியும். ஈரத்துக்கு ஒப்பு ஈரப்பதச் சதவீதத்தைப் பார்க்காதீர்கள், ஈரம் மாறாவிட்டாலும் வெப்பம் ஏறினால் அது இறங்கும், வெப்பம் இறங்கினால் ஏறும். பனிநிலை வெப்பத்தைப் பாருங்கள், அதாவது எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் பனித்துளியாகுமோ அந்த எண். உள்மாவட்டத்தில் காலையில் அது 22, 23 டிகிரிக்கு மேல் இருந்தால் சரக்கு இருக்கிறது. 18க்குக் கீழே என்றால் அன்று பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

மூடி என்பது ஒன்றரை முதல் மூன்று கி.மீ. உயரத்தில் தக்காணத்திலிருந்து வந்து படுத்திருக்கும் சூடான, காய்ந்த காற்று அடுக்கு. கீழிருந்து எழும் காற்று அதில் முட்டி நின்றுவிடும். வெயில் 40ஐத் தாண்டியும் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தால் மூடி கெட்டியாக இருக்கிறது என்று பொருள். வெயில் அதிகமானால் மழை வரும் என்று சொல்வது அரை உண்மைதான். ஈரம் இருந்து, மூடியும் திறந்தால்தான் அந்த வெயிலால் பலன்.

இதை எண்ணாகவே பார்க்கலாம். மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் வானிலைத் துறை விடும் பலூன்கள் காலை 5.30 மணி நிலவரத்தைத் தரும். அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் 43279 என்ற எண் மீனம்பாக்கம், 43346 காரைக்கால். அதில் ‘கேப்’ என்ற எண் மேகம் ஏறுவதற்கான ஆற்றல். 2000க்கு மேல் என்றால் வலுவான இடிமேகத்துக்குப் போதும். ‘சின்’ என்பது மூடியின் கெட்டி. கழித்தல் 150க்கு அப்பால் போனால் மலைச்சரிவு போன்ற ஒரு தள்ளுதல் இல்லாமல் திறக்காது. காற்றுத்தூணில் உள்ள மொத்த நீர் 45, 50 மி.மீ. இருந்தால் மழையின் அளவும் நன்றாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: இரண்டு பலூனுமே கடற்கரையில் பறப்பவை. சேலத்துக்கோ கோவைக்கோ அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. உள்ளூரின் பிற்பகல் வெயிலையும் பனிநிலையையும் போட்டுத் திருத்திப் பார்க்க வேண்டும்.

பனிநிலை எண்ணுக்கு இன்னொரு பயன் உண்டு. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடி எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்று தோராயமாகக் கிடைக்கும். வெயில் 38, பனிநிலை 24 என்றால் 1750 மீட்டர். வெயில் 40, பனிநிலை 20 என்றால் 2500 மீட்டர். இரண்டாவது கணக்குதான் அபாயமானது. அத்தனை உயரத்திலிருந்து விழும் மழை வழியிலேயே காய்ந்த காற்றில் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே பாய்ந்து, தரையில் மோதி, நாலாபுறமும் விரிகிறது. ‘மழை நாலு தூறல், காற்று மட்டும் பிய்த்துக்கொண்டு போனது’ என்று மக்கள் சொல்லும் மாலைகள் எல்லாம் இந்த இரண்டாவது வகை. மழை குறைவு என்று அறிக்கை சொல்லும் காய்ந்த நாளில்தான் வாழைக்காரர் கூடுதலாகப் பயப்பட வேண்டும்.

பிற்பகல்

முதல் மேகம் எங்கே முளைக்கும் என்பது ஓரளவு எழுதி வைத்ததுபோலத்தான். சேர்வராயன், கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது, ஏலகிரி, சிறுமலை, கொடைக்கானல் சரிவு. பன்னிரண்டு, ஒரு மணிக்கு இவற்றின் தலையில் பஞ்சுமேகம் கட்டும். இரண்டரை மணிக்குள் அது காலிஃபிளவர்போல் விளிம்பு தெறிக்க மேலே வளர்ந்தால் மூடி திறந்துவிட்டது. மூன்று மணிக்கு மலையில் இடி, நாலு முதல் ஏழு மணிக்குள் சமவெளியில். தலை தட்டையாகி வெண்மை பரவிவிட்டால் மேகம் உச்சியைத் தொட்டுவிட்டது, காற்று எந்த நிமிடமும் இறங்கலாம்.

சமவெளியில் இரண்டாவது தள்ளுதல் கடற்காற்று. அது கரையிலிருந்து உள்ளே நகர்ந்து மாலைக்குள் விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் எட்டும். மலையிலிருந்து வரும் குளிர்காற்றும் இதுவும் முட்டும் இடத்தில் திடீரென்று புது மேகம் எழும்பும். மேற்கே பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று மாலையில் கோவை தாண்டி திருப்பூர் பக்கம் கிழக்குக் காற்றைச் சந்திக்கும். சென்னைக்காரர்களுக்கு மட்டும் கடற்காற்று எதிரி. ஒரு மணிக்கே அது வந்துவிட்டால் ஊர்மேல் குளிர்ந்த காற்று படர்ந்துவிடும், மேற்கிலிருந்து வரும் மேகம் பூந்தமல்லி தாண்டுவதற்குள் கரைந்துபோகும். மே கடைசியில் மேற்குக் காற்று வலுத்த பிறகுதான் ராணிப்பேட்டை, காஞ்சிபுரம் பக்கம் எழுந்தது இரவில் சென்னைவரை உயிரோடு வரும். அதற்கு முந்தைய மாதங்களில் மேலடுக்கில் கிழக்குக் காற்று வீசும் நாளில் மலைச்சரிவு மேகம் கேரளத்துக்குப் போய்விடும். மேகம் நம்முடையது, மழை அவர்களுடையது.

இனி ராடார். பத்து நிமிடத்துக்கு ஒரு படம், எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் ராடாரின் கதிர் நேர்கோட்டில் போக, பூமி கீழே வளைகிறது என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அரை டிகிரி சாய்வில் புறப்படும் கதிர் 100 கி.மீ. தூரத்தில் ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 200 கி.மீ. தூரத்தில் 4 கி.மீ. உயரத்திலும் இருக்கும். காரைக்கால் ராடாரிலிருந்து சேலம் 200 கி.மீ., ஈரோடு 235 கி.மீ. அதாவது ஈரோட்டு மேகத்தின் 5 கி.மீ.க்கு மேலுள்ள பாதியைத்தான் அது பார்க்கிறது. கொச்சி ராடார் கோவைக்குக் கிட்டத்தில்தான், நடுவில் மலை மறிக்கிறது. எனவே படத்தில் நிறம் வந்தால் மேலே தண்ணீர் இருக்கிறது என்பது உறுதி, தரையில் விழுகிறதா என்பது உறுதியில்லை. நிறம் இல்லை என்பதால் தூறல் இல்லை என்றும் சொல்ல முடியாது. ராடாருக்குத் திரும்பும் எதிரொலியின் அளவு டிபிஇசட். 40 டிபிஇசட் நல்ல மழை, 50க்கு மேல் கொட்டல், 55, 60 தாண்டினால் ஆலங்கட்டி இருக்கலாம். நம் ஊரில் கோடையில் உறைநிலை 5 கி.மீ. உயரத்தில் இருப்பதால் கட்டிகள் பெரும்பாலும் உருகிவிடும். ஓசூர், நீலகிரி, ஏற்காடு, கொடைக்கானல் போன்ற உயரமான ஊர்களில்தான் அடிக்கடி தரையைத் தொடும்.

மேகம் எங்கே போகிறது என்று ஒரு படத்தை வைத்துச் சொல்லாதீர்கள், கடைசி மூன்று நான்கு படங்களை வரிசையாகப் பாருங்கள். இடிமேகம் நகர்வது பாதி, பக்கத்தில் புதிதாகக் குட்டி போடுவது பாதி. நேரே உங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்தது கரைந்து, பதினைந்து கி.மீ. தெற்கே புதியது முளைக்கும். ‘மழை ஏமாற்றிவிட்டது’ என்பது இதுதான். வானிலை மையம் மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக மாவட்டப் பெயரோடு தரும் எச்சரிக்கை இந்த நேரத்துக்கானது. மூன்று நாள் முன்னறிவிப்பைத் திட்டினாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

கண்ணால் பார்க்கும் அடையாளங்களும் ராடாருக்குச் சளைத்தவை அல்ல. தட்டான் பறந்தால் கிட்ட மழை என்பது ஒரு மணி நேர அறிவிப்பு. வீசிக்கொண்டிருந்த காற்று சட்டென்று நின்று இலை அசையாமல் போவது அரைமணி நேர அறிவிப்பு. மழை இல்லாமலே மண்வாசனை வந்தால் எங்கோ விழுந்த மழையின் குளிர்காற்று புறப்பட்டு உங்களை எட்டிவிட்டது என்று பொருள். அதன் பின்னால் அடிவானத்தில் புழுதிச் சுவர் தெரிந்தால் பத்து நிமிடம்கூட இருக்காது.

காற்று என்ன செய்யும்

காற்றின் விசை வேகத்தோடு ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 8 கிலோ அழுத்தம். 60 கி.மீ. ஆனால் 17 கிலோ. பத்துக்கு இருபது அடி ஃபிளெக்ஸ் பேனரில் அது 300 கிலோவைத் தாண்டும். நாலு சவுக்குக் கம்பில் கட்டிய பேனர் மக்கள்மேல் விழுவதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மொட்டை மாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி காலியாக இருந்தால் நகரும், உருளும். அரைத் தொட்டி தண்ணீர் இருந்தால் அரை டன் எடை, அசையாது. எச்சரிக்கை வந்த மாலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி வைப்பதற்கு மின்தடை மட்டும் காரணமல்ல.

தகரக் கொட்டகையில் முதலில் பிய்வது நடுத்தகடு அல்ல, ஓரத் தகடுகளும் முகட்டுத் தகடும். அங்கேதான் காற்று மேல்நோக்கி உறிஞ்சும். ஜே போல்ட்டின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தால் துளை பெரிதாகித் தகடு போல்ட்டின் தலை வழியே கழன்றுவிடும். மாசி மாதத்திலேயே ஓர வரிசை வாஷர்களை மட்டுமாவது மாற்றிவிட வேண்டும். ஒரு பக்கம் திறந்த கொட்டகையில் உள்ளே புகும் காற்று கீழிருந்தும் தள்ளும், அந்தப் பக்கம் தற்காலிகமாகவாவது மறைப்பு வேண்டும். கூரைமேல் கல்லைத் தூக்கி வைக்கும் பழக்கத்தை விடலாம். தகடு போகும்போது கல்லும் போகும்.

வாழைதான் இந்தப் பருவத்தின் பெரிய இழப்பு. ஈரோட்டில் கோபி, பவானி, அந்தியூர், கோவையில் மேட்டுப்பாளையம், சிறுமுகை, தேனியில் கம்பம் பள்ளத்தாக்கு என்று ஆண்டுதோறும் அதே பெயர்கள். வாழைத்தண்டில் மரம் கிடையாது, இலையுறைகளின் சுருள்தான். உச்சியில் தார் கனக்க, வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். மரம் சாய்வதும் இரண்டு விதம். இடுப்பில் முறிந்தால் காற்றின் வேகமும் தாரின் எடையும் காரணம். கிழங்கோடு பெயர்ந்தால் மண் ஈரமாக இருந்தது, அல்லது கூன்வண்டும் நூற்புழுவும் கிழங்கையும் வேரையும் தின்றுவிட்டன. இரண்டாவது வகை ஒரு தோட்டத்தில் திரும்பத் திரும்ப நடந்தால் காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

தார் தள்ளியதுமே முட்டு கொடுக்க வேண்டும். சவுக்கோ மூங்கிலோ, கம்பின் அடி ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் இருக்க வேண்டும், மரம் சாயும் பக்கத்தில் நிற்க வேண்டும். கயிற்றைத் தாரின் கழுத்துக்குக் கீழே தளர்வாகச் சுற்றுங்கள். இறுக்கினால் காற்றில் அதே இடத்தில் அறுத்துக்கொண்டு முறியும். கம்பு கட்டுப்படியாகாதவர்கள் பிளாஸ்டிக் கயிற்றால் எதிரெதிர் வரிசை மரங்களைக் குறுக்காகப் பிணைப்பார்கள். அது செய்யலாம், ஆனால் ஓர வரிசை மரங்களை நிலத்தில் அடித்த முளையோடு கட்டாவிட்டால் ஒன்று விழும்போது பத்தை இழுத்துக்கொண்டு விழும். காய்ந்த, தொங்கும் இலைகளை அறுத்துவிட்டால் காற்றுப் பிடிப்பு குறையும்; பச்சை இலை எட்டுக்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும், இல்லையேல் காய் பருக்காது. எச்சரிக்கை வந்த அன்று தண்ணீர் பாய்ச்சக் கூடாது. வெயிலுக்கு வாடுகிறதே என்று நாலு மணிக்கு மடை திறந்து, ஆறு மணிக்கு மொத்தத் தோட்டத்தையும் படுக்கவைத்தவர்கள் உண்டு. முக்கால் பங்கு முற்றிய தாரைக் காத்திராமல் வெட்டிவிடலாம். இடிமேகக் காற்று எந்தத் திசையிலிருந்தும் வரும் என்பதால் மேற்கு ஓரத்தில் மட்டும் சவுக்கு வேலி வைத்தால் பாதிப் பாதுகாப்புதான். சாய்ந்த பிறகு தாய்மரத்தை வெட்டும்போது பக்கக்கன்றை மிதித்துவிடாதீர்கள், மறுதாம்புக்கு மிச்சம் அதுதான்.

மற்றவை சுருக்கமாக. கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். களத்தில் குவித்தால் சுற்றிலும் ஒரு சாண் வாய்க்கால் வெட்டுங்கள், மேலே போடும் தார்ப்பாயை விடக் கீழே ஓடிவரும் தண்ணீர்தான் நெல்லைக் கெடுக்கும். மழை விட்டதும் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும், மூடியே கிடந்தால் சூட்டில் வியர்த்து முளைவிடும். சூளையில் அடுக்காத பச்சைச் செங்கல் கரையும். தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களில் 24, 25 டிகிரிக்கு (இது வெப்பமல்ல, உப்புச் செறிவின் அளவு) ஏற்றிய தண்ணீர் ஒரே மழையில் நீர்த்துப்போகும்; பாத்தியை வடித்து மறுபடி ஏற்ற வேண்டும், உப்பு வாரும் வேலை நாள்கணக்கில் நின்றுபோகும்.

மின்னல்

மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கி.மீ. முப்பது நொடிக்குள் இடி கேட்டால் பத்து கி.மீ.க்குள் இருக்கிறது, அப்போதே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் காத்திருந்து வெளியே வாருங்கள். மழை நின்றது என்று உடனே காட்டுக்குப் போவதில்தான் பலர் அகப்படுகிறார்கள், மேகத்தின் பின்பக்கத்திலிருந்தும் மின்னல் இறங்கும். புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி சுற்றுவட்டாரத்தில் 20, 40 கி.மீ.க்குள் விழும் மின்னலைக் காட்டும்.

மரத்தடி ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும், காரணம் தெரிந்தால் மாடுகளையும் காப்பாற்றலாம். மரத்தில் இறங்கிய மின்னல் வேர் வழியே தரையில் பரவும்போது, அடியெடுத்து வைத்த இரு கால்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிறது. மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம், நடுவில் இதயம். ஒரே புளியமரத்தடியில் மந்தையே மடிவது இதனால்தான். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் காலை ஒட்டிவைத்துக் குந்துங்கள், படுக்காதீர்கள். மூடிய கார் பாதுகாப்பு, கூரையில்லாத டிராக்டர் அல்ல. கைபேசி மின்னலை இழுக்காது, சார்ஜரில் மாட்டிய கைபேசிதான் ஆபத்து. மின்னல் பட்டவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, இன்னொருவரை 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். அறுந்த கம்பி கிடந்தால் கிட்டே போகாமல் மின்னகம் 94987 94987, மற்ற அவசரத்துக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077.

அருவிக்குப் போகிறவர்களுக்கு. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். அருவியில் நிற்பவருக்கு மேலே மலையில் பெய்வது தெரியாது, தலைக்கு மேல் வெயில்கூட அடிக்கும். தண்ணீர் நிறம் மாறினாலோ, சருகும் குச்சியும் அடித்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

மழை பெய்துவிட்டால் அளந்து வையுங்கள். ஒரு மி.மீ. என்பது ஏக்கருக்குச் சுமார் 4000 லிட்டர், 25 மி.மீ. என்றால் ஒரு லட்சம் லிட்டர். ஊரில் ‘ஒரு உழவு மழை’ என்று கணிப்பது கலப்பையின் கொழுமுனை ஈரத்தைத் தொடும் மழையை. அந்த ஈரத்தில் சரிவுக்குக் குறுக்காகக் கோடை உழவு போட்டால் அடுத்த மழை ஓடாமல் அங்கேயே இறங்கும், மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுக்கள் வெயிலுக்கும் கொக்குக்கும் இரையாகும். ‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்று சொல்லி வைத்தது இதற்குத்தான். மண்ணைக் கையில் உருட்டினால் உருண்டை பிடித்து, போட்டால் உடைய வேண்டும். அதற்கு முன்னே டிராக்டர் இறங்கினால் கட்டிதான் மிஞ்சும்.

மழைமானி என்று கடையில் வாங்கவேண்டும் என்பதில்லை. அடியிலிருந்து வாய்வரை ஒரே அகலமுள்ள எந்த டப்பாவும் போதும், மரமும் சுவரும் இல்லாத இடத்தில் வைத்து, உள்ளே ஸ்கேல் விட்டுப் பார்க்கலாம். காலை 8.30க்குப் படித்து, அன்றைய தேதியில் எழுதுங்கள். நேற்று மாலை பெய்த மழை அறிக்கையிலும் இன்றைய தேதியில்தான் இருக்கும். இல்லாவிட்டால் பக்கத்து ஊர்க் கணக்கோடு உங்கள் கணக்கு ஒரு நாள் தள்ளிப்போகும்.